வராந்தா ஃப்ரிட்ஜில் பிரியோஷ்

எங்கள் ஊர் வடக்குத்தில் பிரியோஷ் போடப்போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டையாவது போட்டிருக்கலாம். அது என்ன என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பொறை பிஸ்கட் டப்பாவைத் துடைக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளும். அவருக்குக் கோபம் வந்தால் டப்பா பளபளக்கும். எங்கள் கடையின் கண்ணாடி டப்பாக்கள் இத்தனை வருஷமாக இவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு நான்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் பேக்கரி நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்புக்கு வெளியே, மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் முந்திரி விறகு எரிகிற செங்கல் அடுப்பு. சுரங்கத்தில் ஷிப்ட் மாறுவதை வைத்துத்தான் எங்கள் வேலையும் நடக்கும். முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் பன் வாங்குவார்கள். அது முடிந்து இறங்குகிறவர்கள் வீட்டுக்கு ரொட்டி வாங்குவார்கள். ஜெனரல் ஷிப்ட்காரர்கள் சாயங்காலம் தேங்காய் பன்னுக்கு வருவார்கள், தீர்ந்துபோயிருந்தால் முறைப்பார்கள்.

நான் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என் பிறந்த வீட்டில் துணி வியாபாரம், மாவுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கடையில் அப்போது மாவு பிசைய ஒரு மாஸ்டர் இருந்தார். அவர் முழங்கால் வலியோடு காடாம்புலியூரில் மகன் வீட்டுக்குப் போன பிறகு, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் நான் மாவில் கை வைத்தேன். வேறு ஆளை யாரும் தேடவில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை. முதலில் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிற மாவு, ஒரு கட்டத்தில் பிடிவாதத்தை விட்டுவிட்டு உருண்டு வரும். அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை வெளியில் சொன்னால் கிறுக்கி என்பார்கள் என்று சொல்லாமல் இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் பாக்கெட் ரொட்டிக்காரர் வந்தார். ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் ஏஜென்சி. தினமும் காலையில் வண்டி வரும், ரொட்டி, பன், ரஸ்க் எல்லாம் பாக்கெட்டில் இறங்கும், மீந்ததை மறுநாள் அவர்களே எடுத்துக்கொண்டு போவார்கள். அலமாரிகூட அவர்களே கொடுப்பார்களாம். ஒரே நிபந்தனை, கடையில் வேறு ரொட்டி இருக்கக் கூடாது. அதாவது எங்கள் ரொட்டி. ஏற்கெனவே எங்கள் ரொட்டி விற்பது குறைந்துகொண்டுதான் வந்தது. பிள்ளைகள் பாக்கெட்டில் படம் போட்டதைத்தான் கேட்கின்றன. அடுப்பை மூடிவிட்டு ஏஜென்சி எடுக்கலாம் என்று கணவர் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

“நீயும் எத்தன நாளைக்கு அடுப்பாண்டயே நின்னுகினு இருப்ப? கொஞ்சம் உக்காரு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டைக்காரரிடம் சண்டை போடலாம், உட்காரச் சொல்கிறவரிடம் என்ன செய்வது? அடுப்பை மூடினால் நான் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

பிரியோஷை நான் முதலில் தின்றது பாண்டிச்சேரியில். அக்கா மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது, கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரியைப் பார்த்தோம். ஊரில் சொந்தமாக பேக்கரி வைத்துக்கொண்டு இன்னொருத்தர் பேக்கரிக்குள் நுழையாமல் வருகிறவர்களை எனக்குத் தெரியாது. உள்ளே தட்டில் உட்கார்ந்திருந்தது, பொன் நிறத்தில், பன்னின் தலைமேல் குட்டியாக இன்னொரு தலை வைத்து. பிட்டால் நூல் நூலாகப் பிரிந்தது. பன்னா கேக்கா என்று என் வாயால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் முட்டையும் நெய்யும் தாராளமாக ஊற்றிச் செய்கிற பலகாரங்களைத் தின்று வளர்ந்தவள் நான். ஆனால் ஈஸ்ட் போட்ட மாவு அவ்வளவு வெண்ணெயையும் முட்டையையும் சுமந்துகொண்டு எழுந்து நிற்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் பன்னில் மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட், டால்டா. அவ்வளவுதான். முட்டையை மேலே தடவினாலே எங்களுக்கு அது ஆடம்பரம்.

அன்றிலிருந்து போனில் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பிரான்சில், வெண்ணெய்க்குப் பேர்போன வடக்குப் பக்கத்தில், பல நூறு வருஷமாகப் போடுகிறார்களாம். மாவை மரக்கட்டையால் அழுத்திப் பிசைவதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு பழைய சொல் உண்டு, அதிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். திருவிழாவுக்கும் கோயில் விசேஷத்துக்கும் போட்டிருக்கிறார்கள். பணக்காரர் வீட்டு பிரியோஷில் வெண்ணெய் கிட்டத்தட்ட மாவளவுக்கு இருக்கும், ஏழை வீட்டு பிரியோஷில் பேருக்கு இருக்கும். இது நம் ஊர் பிரியாணிக்கும் பொருந்துகிற விஷயம்தான். ரொட்டி இல்லாவிட்டால் ஜனங்கள் பிரியோஷ் தின்னட்டுமே என்று ஒரு ராணி சொன்னதாகக் கதை ஒன்று உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அவள் சொல்லவே இல்லை, அவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும் படித்தேன். சொன்னாளோ இல்லையோ, ரொட்டி விற்காத ஒரு பேக்கரிக்காரிக்கு அதில் ஒரு நல்ல யோசனை இருப்பதாக எனக்குப் பட்டது.

ஏனென்றால் இப்போது அதற்குத்தான் காலம். பர்கர் கடைக்காரர்கள் பழைய எள்ளு பன்னை விட்டுவிட்டு பிரியோஷுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வெண்ணெயும் முட்டையும் இருப்பதால் சாஸ் ஊற்றினாலும் சீக்கிரம் நைந்துபோகாது. மேலே ஒரு மினுமினுப்பு, போட்டோ எடுத்தால் எடுபடும். இரண்டு மூன்று நாள் ஆனாலும் மெத்தென்று இருக்கும். பெரிய பேக்கரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? சென்னையில் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொள்கிற தயார் பிரியோஷ் மாவே பையில் விற்கிறது. அதில் வெண்ணெய் வாசனை இருக்கும், வெண்ணெய் இருக்காது. அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கும் என் பாத்திரங்கள் உருண்டன.

டவுன்ஷிப்புக்குள் பர்கர் கடை போடப்போவதாக ஒரு பெண் எங்கள் கடைக்கு வந்தாள். அப்பா சுரங்கத்தில் பெர்மனன்ட். இவள் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அது பிடிக்காமல் திரும்பி வந்தவள். பிரியோஷ் பன்னைப் பாண்டியிலிருந்து வரவழைக்கப் போவதாகவும், அவசரத்துக்குக் கைவசம் வைக்கச் சாதா பன் எங்களிடம் கிடைக்குமா என்றும் கேட்டாள். பாண்டியிலிருந்து எதற்கு, நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை ஒரு தடவைகூட நான் அதைப் போட்டதில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான். அவள் போன பிறகுதான் கணவரிடம் சொன்னேன், அவர் டப்பாவைத் துடைத்தார்.

துடைத்து முடித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். அந்தப் பெண் கடை திறப்பது ஞாயிற்றுக்கிழமை. ஏஜென்சிக்காரர் பதில் கேட்க வருவது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை உன் பன் சரியாக வந்தால் பேசலாம், வராவிட்டால் திங்கட்கிழமை அவருக்குச் சரி சொல்லிவிடுவேன் என்றார். நியாயமான பேச்சு. மறுத்துப் பேச வழியில்லாத அளவுக்கு நியாயம்.

அது மே மாதம். பிரான்சில் இதைக் கண்டுபிடித்தவர்கள் மே மாதத்தில் வடக்குத்துக்கு வந்து பார்த்ததில்லை. மாவில் வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைய வேண்டும், அது உருகாமல் மாவோடு மாவாகக் கலக்க வேண்டும். என் கையில் எடுத்த வெண்ணெய் மாவுக்குப் போகும் வழியிலேயே எண்ணெயாகியது. முதல் தடவை அடுப்பிலிருந்து வந்ததைப் பார்த்து, பன்னை எண்ணெயில் பொரித்தாயா என்று கணவர் கேட்டார். அடுத்த தடவை மாவுப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்துப் பிசைந்தேன். பிசைவது சரியாக வந்தது. ஆனால் பிசைந்த மாவு ஓர் இரவு முழுக்கக் குளிரில் கிடக்க வேண்டும். அப்போதுதான் வெண்ணெய் இறுகும், உருட்ட வரும், ருசியும் கூடும். எங்கள் பக்கத்தில் வெயில் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சுற்று வட்டாரத்துக்கே வெளிச்சம் கொடுக்கிற நிலக்கரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் விசிறியால் வீசிக்கொள்வோம். மறுநாள் என் ஃப்ரிட்ஜைத் திறந்தால் மாவு ஓரமெல்லாம் நெய் வடிந்து கிடந்தது.

டவுன்ஷிப்புக்குள் அந்தத் தொந்தரவு இல்லை. குவார்ட்டர்ஸ் அக்கா ஒருவர் நினைவுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கணவருக்கு சுரங்கத்தில் வேலை, எங்கள் கடை ரஸ்க் இல்லாமல் அவருக்குக் காலை விடியாது. வருஷக்கணக்கில் பேசிப் பேசி எனக்கு வாடிக்கையாளர் என்பதே மறந்துபோனவர். அவர் வீட்டுப் பின் வராந்தாவில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் நிற்கிறது. புதிது வாங்கியபோது பழையதைத் தூக்கிப்போட மனம் வராமல் வைத்துக்கொண்டது. இட்லி மாவும் பூவும் தேங்காயும் அதில்தான் இருக்கும். ராத்திரி மட்டும் என் மாவை அதில் வைத்துக்கொள்ளட்டுமா என்று போய்க் கேட்டேன். அவர்கள் சுத்த சைவம் என்பதால், அந்த மாவில் முட்டை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வராந்தாவுக்குப் போய் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு, சமையல்கட்டு ஃப்ரிட்ஜ் வேறு, வராந்தா ஃப்ரிட்ஜ் வேறு, அதில் முட்டை வைத்தால் என்ன, யானை வைத்தால் என்ன என்றார். இட்லி மாவை உள்ளே எடுத்துப்போய்விட்டு, இரண்டு தட்டு எனக்குக் காலிசெய்து கொடுத்தார்.

அடுத்து வந்த நாட்களைப்போல நான் சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது. மத்தியானம் மாவு பிசைந்து மூடி போட்ட பாத்திரங்களில் போட்டு, என் ஸ்கூட்டியில் வைத்து குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோவேன். காலையில் முதல் ஷிப்ட் பஸ்கள் போய் ரோடு காலியான பிறகு எடுத்துவருவேன். குளிர்ந்த மாவு களிமண்போல உருட்ட வந்தது. எழும்பவைத்து, மஞ்சள் கரு தடவி, விறகுச் சூடு தணிந்த பிறகு அடுப்பில் விட்டால், கடையைத் தாண்டி ரோட்டு வரைக்கும் வாசனை போனது. காண்ட்ராக்ட் வேலைக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டார். ஒன்றைக் கொடுத்தேன். தின்றுவிட்டு, இதுக்குத் தொட்டுக்க ஒண்ணும் வேணாம்போல என்றார். கணவரும் ஒன்று தின்றார். பிறகு இரண்டாவதையும் எடுத்தார்.

சனிக்கிழமை பெரிய மாவு. திறப்பு விழாவுக்கு வேண்டியது மொத்தமும். அக்கா வீட்டு வராந்தா ஃப்ரிட்ஜ் முழுக்க என் பாத்திரங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு சிரித்துக்கொண்டே போய் பின்பக்கக் கதவைத் தட்டினேன். வராந்தா சுவரின்மேல், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, என் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. மூடிகளைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வழிந்துகொண்டிருந்தது. மேலே வெண்ணெய் உருகி மினுமினுத்தது. புளித்த வாடை அடித்தது.

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

“ராத்திரி பூரா உள்ள இருந்தும் மாவு பொங்கவே இல்லம்மா. பாக்கவே பாவமா இருந்துச்சு. விடிஞ்சதும் நான்தான் வெயில்ல எடுத்து வச்சேன். இப்ப பாரு, எப்பிடிப் பொங்கிருக்கு.”

அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷமாக அவர் கையால் ஆட்டிய மாவெல்லாம் வெளியில் பொங்கி, பிறகுதான் ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்கிறது. பொங்காத மாவை உள்ளே வைத்துவிட்டுப் போன என்னை அவர் மறதிக்காரி என்று நினைத்து, உதவி செய்திருக்கிறார். நம் ஊரில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். வேறு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். அன்றைக்கு வராந்தாப் படியில் உட்கார்ந்து அழுதேன். கத்துவேன் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அழுகைதான் வந்தது.

விஷயத்தை முழுக்கச் சொன்னேன். இது குளிரில்தான் கிடக்க வேண்டும் என்பது, சாயங்காலம் கடை திறப்பு, நாளைக்கு ஏஜென்சிக்காரர், அடுப்பை மூடுவது, எல்லாவற்றையும். அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. விறுவிறுவென்று உள்ளே போனார். சமையல்கட்டு ஃப்ரிட்ஜிலிருந்து பால், தயிர், காய்கறி, சாமிக்கு வைத்திருந்த பழம் எல்லாவற்றையும் எடுத்து மேடைமேல் அடுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு வீட்டில் இருந்த பெரிய தட்டுகளை எல்லாம் கொண்டுவந்து வராந்தாவில் பரப்பினார். சேலையைச் செருகிக்கொண்டு, வழிந்த மாவை அள்ள உட்கார்ந்தார்.

“அக்கா, முட்ட கலந்ததுக்கா” என்றேன்.

“தெரியும். நீ எந்திரிச்சு வா” என்றார்.

மாவைத் தட்டுகளில் மெல்லிசாகத் தட்டிப் பரப்பி, வராந்தா ஃப்ரிட்ஜிலும் சமையல்கட்டு ஃப்ரிட்ஜிலும், அதன் மேல்தட்டில் ஐஸ் கட்டுகிற இடத்திலும் வைத்தோம். பால் வெயிலில் திரிந்துவிடக் கூடாது என்று அக்கா காய்ச்சிக்கொண்டே இருந்தார். மாவு இறுகட்டும் என்று விட்டுவிட்டு நான் கடைக்கு ஓடினேன். புதிதாக ஒரு சின்ன மாவை ஐஸ் தண்ணீரில் பிசைந்தேன், ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து. நேற்றைய சாதா மாவில் கொஞ்சம் மிச்சம் வைத்து இன்றைய மாவில் சேர்ப்பது எங்கள் மாஸ்டர் காலத்து வழக்கம், ருசிக்காகச் செய்வது. அதையே இங்கே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. வேறு வழியும் இல்லை. அக்கா வீட்டில் குளிர்ந்ததும் எடுத்துவந்த பழைய மாவில் மேலே பிரிந்திருந்த வெண்ணெயை வழித்துப் போட்டுவிட்டு, மீதியைப் புது மாவோடு சேர்த்துப் பிசைந்தேன். கணவர் வந்து பார்த்தார். அடுப்பில் விறகைத் தள்ளினார். நான் உருட்ட உருட்ட, டிரேயை வாங்கி வாங்கி நிழலில் அடுக்கினார்.

சொன்ன அளவுக்கு வரவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறியது. உயரமும் குறைவுதான். பர்கர் கடைப் பெண் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் சப்பையா இருக்கே ஆன்ட்டி என்றாள். பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். இன்னும் கொஞ்சம் பிட்டாள்.

“பாண்டில வாங்குனத விட இது ருசியா இருக்கு ஆன்ட்டி. இதே மாதிரி போடுவீங்களா?”

ஒரு ராத்திரி குளிரில் ஊறி, காலையில் வெயிலில் பொங்கி, பிறகு மறுபடி குளிர்ந்து, புது மாவோடு கலந்ததில் அதற்கு ஒரு லேசான புளிப்பு வந்திருந்தது. வெண்ணெயின் திகட்டலை அது தட்டிவைத்தது. போடுவேன் என்றேன். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பன் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. உயரம் குறைவாக இருந்ததில் ஒரு நன்மை, பர்கரைக் கடிக்க வயசானவர்கள்கூட வாயைப் பிளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா அதைத் தின்ன முடியாது என்பதால் அவருக்கென்று முட்டை இல்லாத தேங்காய் பன் தனியாகப் போட்டு எடுத்துப்போனேன். சமையல்கட்டு ஃப்ரிட்ஜைத் துடைத்து முடித்து, பழத்தை மறுபடி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். உன் மாவு நாளைக்கும் வரும்தானே என்று கேட்டார்.

கணவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டார், படுத்தார். பிரியோஷைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏஜென்சியைப் பற்றியும் இல்லை. கேட்டுவிடலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. சரியாக வந்தால் பேசலாம் என்றுதானே சொன்னார்? பாதி வந்ததைச் சரி என்பதா, தப்பு என்பதா? பயத்தில் கேட்காமலே படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் பின்னால் மாவில் முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. ஏஜென்சிக்காரர்தான். தங்கமான மனிதர், எங்களுக்குக் கொடுக்க வேண்டிய அலமாரியைக் கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எங்கே வைக்கட்டும் என்று கணவரிடம் கேட்டது காதில் விழுந்தது. நான் பிசைவதை நிறுத்திவிட்டேன். சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் வரிசையாக எடுத்துவைத்துக்கொண்டேன், எல்லாம் என் கணவரிடம் சொல்வதற்கு.

“என்னாண்ட கேக்காதீங்க. மாவு போடறது அவங்க, அவங்களயே கேட்டுக்கங்க” என்றார் கணவர். பிறகு உள்பக்கம் திரும்பி, “இந்தாம்மா, ஒன்னத் தேடிகினு வந்துருக்காரு” என்று கூப்பிட்டார்.

இந்தக் கடைக்கு வருகிறவர்கள் என் மாமனாரைத் தேடி வந்திருக்கிறார்கள், என் கணவரைத் தேடி வந்திருக்கிறார்கள். என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. கையில் மாவோடு அப்படியே முன்னால் போய் நின்றேன். எடுத்துவைத்திருந்த வார்த்தை எதுவும் இந்த மனிதருக்குப் பொருந்தவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, அலமாரியை இறக்கட்டுங்களா என்று என்னைக் கேட்டார்.

“எடம் இல்லிங்க” என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் எங்கள் கண்ணாடி அலமாரி பாதிக்குமேல் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு சுவர் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. ஏஜென்சிக்காரர் இரண்டையும் பார்த்தார். ஒன்றும் புரியாமல் என் கணவரைப் பார்த்தார்.

என் கணவரும் திரும்பி அந்தக் காலிச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார்.

“ஆமாங்க, எடமில்ல” என்றார்.